ஏழு வீட்டு வெயில்

ஐந்தாம் நாளும் மாவு பொங்கவில்லை என்று தெரிந்ததும், லைன் வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு குண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் வரிசையாக வைத்தார்கள், வைத்துவிட்டு, கத்திரி வெயில் திருப்பூர்த் தார் ரோட்டையெல்லாம் இளக்கிக்கொண்டிருந்த அந்த மத்தியான நேரத்தில், தோளைச் சுற்றியிருந்த துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பூவரசனைப் பார்த்து, "வெளிய வாடா, இதுக்கு ஒரு பதில் சொல்லு" என்றார்கள்.

பூவரசனுக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், பனியன் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனில் நிற்கிறவன், யார் எதைக் கேட்டாலும் முதல் பதிலை வெடுக்கென்று சொல்லிவிட்டு இரண்டாவது பதிலைப் பிறகு யோசிக்கிறவன். திரையை விட்டுத் தலையைத் திருப்பாமலே சொன்னான்.

"மாவு புளிக்கலைன்னா சப்பாத்தி சுடுங்க. அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஏலே, வாயக் கழுவிட்டு வந்து பேசு" என்று அடுப்படியிலிருந்து அவன் அம்மா வேலுத்தாய் கத்தினாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வந்து இருபது வருஷம் தையல் மிஷின் மிதித்தும் அந்த 'ஏலே' மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

நாலாம் நம்பர் வீட்டு மல்லிகா இடுப்பில் குழந்தையோடு நிலைப்படியில் வந்து நின்றாள். "கம்ப்யூட்டர் பெட்டிய நிறுத்துன்னு இங்க யாராச்சும் சொன்னமா? நிறுத்தாத. கும்புட்டுக் கேக்கறேன், நிறுத்தாத. மாவுக்கு மட்டும் ஒரு வழி சொல்லு. நாலு நாளா புளிக்காத தோசையத் தின்னு எங்க வீட்டுக்காரரு மூஞ்சியே தட்டையாப் போச்சு."

பூவரசன் எழுந்தான். செருப்புப் போடாமல் லைனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தான், ஆறு பெண்களும் குண்டாக்களோடு பின்னால் நடந்தார்கள், சந்து முடிகிற இடத்தில் கரண்ட் போஸ்டுக்கு அடியில் அவன் நின்று, இடது காலை இந்தப் பக்கமும் வலது காலை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு, "இங்கதான் முடியுது" என்றான். அவன் இடது கால் மார்கழியில் இருந்தது, வலது கால் கத்திரியில் சுட்டது. "போஸ்டுக்கு அந்தாண்ட வையுங்க. மூணு மணி நேரத்துல வழியும். நாய் வாய வைக்காம ஒருத்தரு உக்காந்துக்கங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த வழக்கம். தினம் மத்தியானம் ஏழு குண்டாவும் போஸ்டுக்கு அந்தப் பக்கம் போகும், முறை வைத்து ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு காவல் உட்காருவாள், துவைத்த துணியும் அங்கேயே காயும், மாலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளும்போது காவல்காரி ஒரு குரல் கொடுப்பாள், லைனே எழுந்து வரும்.

பெட்டி வந்த விதத்தைச் சொல்லிவிடலாம்.

அயர்ன் செக்‌ஷனில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆவியில் நிற்கிறவனுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்த ஆவியை விட்டு வெளியே போவது. கோயம்புத்தூரில் ஒரு கேமிங் கம்பெனி கார் ரேஸ் விளையாட நாலு பையன்களை மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு, ஆன்லைனில் தகுதிச் சுற்று, மே மாதம் மூன்றாம் ஞாயிறு மதியம் மூன்று மணி, ஜெயித்தால் உள்ளே, தோற்றால் அடுத்த வருஷம், என்று போனில் பார்த்த நாளிலிருந்து பூவரசன் டீ குடிப்பதை விட்டான், பஸ்ஸை விட்டு நடந்தான், ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தான். பதினொரு மாதம் பார்த்தான். இருபத்திரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நிஜாம் அண்ணன் கடைக்குப் போய் மேஜையில் வைத்து, "இதுக்குள்ள கார் ஓடணும்" என்றான்.

நிஜாம் பணத்தையும் பார்த்தார், பையனையும் பார்த்தார். ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மதர்போர்டும் பிராசசரும் ஒரு ஆபீஸிலிருந்து கழித்தது. ராம் ஒரே ஒரு எட்டு ஜிபி, இன்னொன்று அப்புறம் போட்டுக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டு ஏதோ பிரவுசிங் சென்டரில் நாலு வருஷம் உழைத்தது. மானிட்டரில் மூலையில் ஒரு கீறல், அதற்காக ஐந்நூறு குறைவு. பூவரசன் எல்லாவற்றிலும் பேரம் பேசினான், பவர் சப்ளையில் மட்டும் நிஜாம் பிடி கொடுக்கவில்லை. "எதுல வேணாலும் கஞ்சத்தனம் பண்ணு தம்பி, இதுல பண்ணாத. இது போனா எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும். புதுசுதான்." கடைசியில் கேபினட்டுக்குக் காசு இல்லை. இரண்டு ஃபேன் வேண்டிய இடத்தில் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது. பூவரசன் ஒரு ஃபேனை மட்டும் வாங்கிக்கொண்டு, ரேஸ் முடியும்வரை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, அங்கே குடோனில் நூல் கோன் வருகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் அயர்ன் போர்வையைத் தரையில் விரித்து, போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாலு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் பூட்டினான். ஃபேனைப் பூட்டும் இடம் வந்தபோது வீடியோக்காரன் இந்தியில் வேகமாக ஏதோ சொன்னான். பூவரசனுக்குப் பொறுமை இல்லை, அந்த இடத்தைத் தாண்டி வீடியோவை நகர்த்திவிட்டான். ஃபேன் பூட்டத் தெரியாதா அவனுக்கு? அயர்ன் டேபிளுக்கு அடியில் இருப்பதும் ஃபேன்தான், மிதியைக் காலால் அமுக்கினால் துணியில் இருக்கிற ஆவியை அது டேபிளுக்குள் இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அமுக்குகிறான். ஃபேன் என்றால் உள்ளே இழுப்பது. அப்படியே பூட்டினான். நாலு திருகு.

சுவிட்சைப் போட்டான். திரை வெளிச்சமாகியது. வீட்டில் இருந்த வெயில் உள்ளே போனது.

முதலில் அவன் வீட்டு வெயில் போனது, சிமென்ட் அட்டைக் கூரையிலிருந்து இறங்கி, சுவரிலிருந்து கழன்று, மண்பானையைச் சுற்றிக்கொண்டு, வாசற்படியில் படுத்திருந்ததும் எழுந்து, ஒரு பாவாடை நாடாவை உருவினால் வருவதைப் போல ஒரே இழுப்பாக அந்த ஃபேன் வழியாகப் பெட்டிக்குள் போனது, அதன் பின்னால் ஆறாம் நம்பர் வீட்டு வெயில் வந்தது, அதன் பின்னால் ஐந்தாம் நம்பர், அப்படியே ஒன்றாம் நம்பர்வரை, கடைசியாக சந்து முனைக் கரண்ட் போஸ்டுவரை இருந்த வெயிலும் வந்து நுழைந்துகொண்டது, அதற்கப்பால் இருந்ததைப் பெட்டியால் இழுக்க முடியவில்லை, நூற்றைம்பது ரூபாய் ஃபேன் தானே. வேலுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே, கதவச் சாத்து, குளிருது" என்றாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவள் சொன்னது.

இரண்டாம் நாள் காலையில் ஆறு வீட்டிலும் மின்விசிறியை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள், ஏற்றுமதிக்குப் போகாமல் கழித்துவிட்ட கம்பளித் துணி எந்தக் கம்பெனியில் கிலோ என்ன விலை என்று விசாரித்து மூட்டையாக வாங்கி வந்து வேலுத்தாய் ஏழு வீட்டுக்கும் மேல்சட்டை தைத்தாள், தைத்தபோது எல்லாவற்றிலும் ஏதோ வெளிநாட்டுப் பனிக்கரடி படம் இருந்ததால் லைன் முழுக்கக் கரடியாகத் திரிந்தது. சாய்ப் பட்டறையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு புரளும் மல்லிகாவின் வீட்டுக்காரர் போர்வைக்குள் போய் ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்து, இன்று என்ன கிழமை என்று கேட்டார். தெருவில் இருந்த நாய்களும் பூனைகளும் தங்களுக்குள் இருந்த தகராறை ஒத்திவைத்துவிட்டு போஸ்டுக்கு இந்தப் பக்கம் மூக்கும் அந்தப் பக்கம் வாலுமாக வரிசையில் படுத்தன. தக்காளி வண்டிக்காரர் வண்டியை உள்ளே தள்ளி நிறுத்திக்கொள்ளக் கேட்டார். சரி என்றார்கள், தினம் ஆளுக்குக் கால் கிலோ என்றார்கள், அதற்கும் சரி என்றார்.

வேலுத்தாய் பெட்டிக்குச் சந்தனம் வைத்துச் சூடம் ஏற்றினாள். "அம்மா, சூடத்தப் பெட்டி பக்கத்துல காட்டாத" என்று பூவரசன் கத்துவதற்குள், சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, நீண்டு, தட்டை விட்டு நழுவி ஃபேனுக்குள் போய்விட்டது. தட்டில் சூடம் அப்படியே குளிர்ந்து கிடந்தது. "ஏத்துக்கிட்டாரு" என்று வேலுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் ஹவுஸ் ஓனர் துரைசாமி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சாவிக் கொத்து. கரண்ட் போஸ்டைத் தாண்டியதும் ஒரு நிமிடம் நின்று, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"ஏனப்பா பூவரசு, இதெல்லாம் யாரக் கேட்டு வெச்சே?"

"வெயிலையா, பெட்டியையா?"

"எகத்தாளமா பேசாதே கண்ணு. இப்ப இது ஏசி ரூம் கணக்கு. அடுத்த மாசத்துலருந்து வீட்டுக்கு முந்நூறு சேத்திக் குடுத்துருங்க."

மல்லிகா வெளியே வந்தாள். "சரிங்க. குளிருக்கு முந்நூறு. அப்ப போன வருச வெயிலுக்கு நீங்க எங்களுக்கு எவ்வளவு தருவீங்க? அட்டைக்குக் கீழ ஆறு கோடை வெந்திருக்கோம். அதையும் சேத்து எழுதுங்க, கழிச்சுக்கலாம்."

துரைசாமி பதில் யோசிப்பதற்காக வேலுத்தாய் எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பேச்சை எங்கே விட்டோம் என்று தெரியாமல் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு தலையணையோடு வந்தார். அதற்கப்புறம் முந்நூறைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதிலெல்லாம் பூவரசனுக்கு அக்கறை கிடையாது. அது அவனே சொல்வான். அவனுக்கு அக்கறை இரண்டு விஷயத்தில். ஒன்று ரேஸ். இன்னொன்றை அவன் யாரிடமும் சொன்னதில்லை, அது மல்லிகாவின் குழந்தை நிறைமதி. எட்டு மாதம். பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் சூடு தாங்காமல் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தபோது, ஆட்டோ கிடைக்காமல் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியது பூவரசன்தான். கையில் பிள்ளை இரும்பு மாதிரிச் சுட்டது. இரும்புச் சூடு அவனுக்குத் தெரியும். டாக்டரம்மா, "குளிர்ச்சியான இடத்துல வெச்சுக்கோங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார், மல்லிகா அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு அட்டைக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பெட்டி வந்த பிறகு பிள்ளைக்குத் தலையில் இருந்த வேனல் கட்டிகள் வற்றின, வேர்க்குரு உதிர்ந்தது, மூன்று மாதமாக அழுத பிள்ளை கரடிச் சட்டைக்குள் சுருண்டு தூங்கியது.

ஆனால் ரேஸ் போகவில்லை.

முதல் நாள் விளையாட்டைத் திறந்தபோது மலைப் பாதையில் இருக்க வேண்டிய பனி இல்லை. இதுவும் நல்லதுக்குத்தான், வண்டி வழுக்காது என்று ஓட்டினான். நாலாம் நாள் மலையில் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நின்றது. ஆறாம் நாள் பாதையில் தார் இளகியது. டயர் ஒட்டிக்கொண்டது, பிய்த்துக்கொண்டு புறப்பட்டால் அடுத்த வளைவில் மறுபடி ஒட்டியது. ஓரத்தில் நின்று கைதட்டும் கூட்டம் முதலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது, பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தது, ஒன்பதாம் நாள் ஒருத்தரும் இல்லை, கடைசி வளைவில் யாரோ ஒரு நீர்மோர்ப் பந்தல் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏழு வீட்டு வெயிலும் அங்கேதான் காய்ந்தது. மற்றவர்களின் வண்டி நொடிக்கு நொடி பறக்க, இவன் வண்டி களிமண் சேற்றுக்குள் நடக்கும் எருமையைப் போல வந்தது.

"கார்டு டுபாக்கூர் கார்டுண்ணே" என்று நிஜாம் கடைக்குப் போய் நின்றான்.

"என் கார்டக் குறை சொல்லாத. நீ எப்படி மாட்டுனியோ."

"ஒழுங்காத்தான் மாட்டுனேன்."

"ஜும்மா முடிச்சிட்டு வர்றேன். வந்து பாத்துட்டு, தப்பு உன்னுதுன்னா எனக்கு ஒரு டீ, என்னுதுன்னா உனக்குக் கார்டு."

வெள்ளிக்கிழமை மதியம் நிஜாம் ஸ்கூட்டரில் வந்தார். போஸ்டைத் தாண்டியதும் அவரும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். பெட்டியைச் சுற்றி வந்தார். பின்னால் கையை வைத்தார், முன்னால் கையை வைத்தார், ஃபேன் பக்கம் வைத்ததும் நிறுத்தினார்.

"காத்து எங்கடா வருது?"

"வராது. உள்ள போகுது."

"ஏன் உள்ள போகுது?"

"ஃபேன்னா உள்ளதான இழுக்கும்? எங்க டேபிள்ல அப்படித்தான்."

நிஜாம் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார், தூங்கிக்கொண்டிருந்த துரைசாமிகூட விழித்துக்கொண்டார். "டேய், இது என்ன துணி தேய்க்கவா வாங்குன? இது உள்ள இருக்குற சூட்ட வெளிய தள்ளுறதுடா. இங்க பாரு, ஃபேன் ஓரத்துல அம்பு போட்டிருக்கான், காத்து போற பக்கம். அம்பு வெளிய பாக்கணும். நீ அத உள்ள பாக்க வெச்சிருக்க. நாலு திருகு. கழட்டு, திருப்பு, மாட்டு. ரெண்டு நிமிசம். ரேஸ் பறக்கும்."

வாசலில் ஏழு வீடும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"திருப்புனா?" என்றான் பூவரசன். "இத்தனை நாளா உள்ள போனது?"

"வெளிய வரும். வராம எங்க போகும்? ஒரு மணி நேரம் எல்லாரும் தள்ளி இருக்க வேண்டியதுதான்."

"ரேஸ் முடிஞ்சு மறுபடி இந்தப் பக்கம் திருப்பி வெச்சா குளிருமா?"

நிஜாம் சிரிப்பை நிறுத்தினார். "அத எப்படித் தம்பி நான் சொல்றது? நான் பார்ட்ஸ் விக்கிறவன். தப்பா மாட்டுனதுல ஒரு தடவை நடந்திருக்கு. ரெண்டாவது தடவை வேணும்னே தப்பா மாட்டுனா நடக்குமான்னு எனக்குத் தெரியாது." எழுந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவன் கையில் வைத்தார். "திருப்பிரு. பதினொரு மாசம் டீ குடிக்காம இருந்திருக்க. அந்த டீயையும் நானே என் காசுல குடிச்சுக்கறேன்."

அவர் போனதும் பூவரசன் காத்திருந்தான், யாராவது ஒருத்தர் வந்து திருப்பாதே என்று சொல்வார்கள், சொன்னதும் நன்றாக ஒரு சண்டை பிடித்து, உங்க வெயிலுக்கு நான்தான் கிடைச்சேனா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு நிம்மதியாகத் திருப்பலாம் என்று. ஒருத்தரும் சொல்லவில்லை.

"திருப்புலே" என்றாள் வேலுத்தாய், சோறு போடும்போது. "உன் கையப் பாரு, எத்தன சூட்டுக் காயம். இந்தக் கை ஸ்டீரிங் பிடிக்கட்டும்."

"திருப்பிரு கண்ணு" என்றார் துரைசாமி, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "நான் என்ற ஊட்லயே தூங்கிக்கறேன். ஏசி கெடக்குது, என்னமோ தூக்கந்தான் வரமாட்டீங்குது."

மல்லிகா சனிக்கிழமை வந்தாள். "டேய், எம் பிள்ளையப் பாத்துப் பாத்து நீ உக்காந்திருக்காத. ஆறு கோடை பாத்தவளுக்கு ஏழாவது தெரியாதா? ஜெயிச்சுட்டுப் போ. போயி, ரெண்டாவது சம்பளத்துல எங்களுக்கு ஒரு ஏர்கூலர் அனுப்பு. மொதச் சம்பளம் உங்கம்மாவுக்கு."

"அனுப்பறேன்" என்றான் பூவரசன். நிஜமாகத்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு லைன் காலியானது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏதோ மாரியம்மன் பண்டிகைக்குப் போவது போலப் பாயைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தையும் மாவுக் குண்டாவையும் எடுத்துக்கொண்டு, கரடிச் சட்டைகளைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, ஏழு வீட்டாரும் போஸ்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு காய்ந்த வேப்பமரத்தின் கஞ்ச நிழலில் உட்கார்ந்தார்கள். தக்காளி வண்டியும் போனது. நாய்களும் பூனைகளும் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களோடு போயின. துரைசாமி தன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பூவரசன் பெட்டி முன்னால் மண்டி போட்டான். முதல் திருகைக் கழற்றினான். இரண்டாவதைக் கழற்றினான். மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, கழற்றினான். மூன்றையும் இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். ஃபேன் ஒற்றைத் திருகில் தொங்கி லேசாக ஆடியது, ஆடும்போதெல்லாம் வீட்டுக்குள் வெயில் ஒரு கீற்று வந்து தரையில் விழுந்து, மறுபடி உள்ளே போனது.

மணி இரண்டே முக்கால்.

கதவு திறந்திருந்தது. சந்தின் மறுமுனை நேராகத் தெரிந்தது. நாற்பத்தொரு டிகிரியில் ஏழு குடும்பமும் இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. வேலுத்தாய் எதையோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள், அது சிரிப்பு வந்து சிரித்த சிரிப்பாக இல்லை, பையன் காதில் விழட்டும் என்று சிரித்தது. மல்லிகா மடியில் பிள்ளையைப் போட்டு ஈரத் துண்டால் மூடியிருந்தாள். துண்டை எடுத்துக் குடத்தில் நனைத்துப் பிழிந்து மூடினாள். பூவரசன் நான்காவது திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தான். மல்லிகா துண்டை எடுத்து நனைத்து மூடினாள். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். நாற்பது எண்ணுவதற்குள் துண்டு காய்ந்துவிட்டது, அவள் மறுபடி எடுத்தாள். அடுத்த தடவை முப்பத்தைந்துக்குள்.

அவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பியிருப்பானே, இப்படிப் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தால் ஒரு மனுஷன் எப்படித் திருப்புவது?

மூன்று திருகுகளையும் இருந்த இடத்திலேயே வைத்து முடுக்கினான். கைக்கு எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு முடுக்கினான். வாசலுக்கு வந்து கத்தினான்.

"எல்லாரும் உள்ள வாங்க! என்ன அங்க சினிமாவா காட்டறாங்க? பிள்ளைய வெச்சுக்கிட்டு வெயில்ல என்ன சிரிப்பு? வாங்கன்னா வாங்க!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நாய்கள் எழுந்தன.

மூன்று மணிக்கு ரேஸ் ஆரம்பித்தபோது, ஏழு வீட்டாரும் அந்த ஒரே அறைக்குள் கரடிச் சட்டையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கொடி அசைந்தது. அறுபத்து மூன்று வண்டிகள் பறந்தன. பூவரசனின் வண்டி இளகிய தாரிலிருந்து சக்கரத்தைப் பிய்த்துக்கொண்டு, நகர்ந்தது. "ஏலே, நல்லாத்தான போகுது" என்றாள் வேலுத்தாய். மல்லிகாவின் வீட்டுக்காரர், தேர் இப்படித்தான் வரும் என்றார். முதல் வளைவு வருவதற்கு ஏழு நிமிடம் ஆனது. வளைவைத் தாண்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். பூவரசன் பல்லைக் கடித்துக்கொண்டு, உண்மையாகவே, இருக்கிற திறமையையெல்லாம் கூட்டி ஓட்டினான், தார் எங்கே மேடாக இருக்கிறது, எங்கே மரத்தின் நிழல் விழுந்து கொஞ்சம் இறுகியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டினான், அப்படி ஓட்டுகிறவன் உலகத்தில் வேறு யாரும் கிடையாது. மூன்றே முக்காலுக்கு, நீர்மோர்ப் பந்தல் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், போட்டி முடிந்தது என்று திரையில் எழுத்து வந்து வண்டியை மறைத்தது. அறுபத்து நான்கு பேரில் அறுபத்து நான்காவது.

நிறைமதி தூக்கத்தில் ஒரு தடவை உதட்டைச் சப்பியது.

"சரி, போய் மாவப் பாருங்க" என்றான் பூவரசன். "எல்லாரும் இங்க வந்துட்டீங்க, அங்க நாய்கூட இல்ல."

அவர்கள் போனார்கள். வேலுத்தாய் போகும்போது அவன் தலையில் கையை வைத்து எடுத்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அயர்ன் செக்‌ஷன். தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஜன்னலில் வைத்தான், போன் அடித்தது.

"என்ன தம்பி," என்றார் நிஜாம், "பறந்துச்சா? திருப்பிட்டியா?"

"நீங்க சொன்னீங்கண்ணே" என்றான் பூவரசன். "அம்மா சொன்னாங்க. மல்லிகாக்கா சொன்னாங்க. ஓனர்கூடச் சொன்னாரு. எல்லாரும் சொன்னாங்க."

"சரி. அப்புறம்?"

சந்து முனையிலிருந்து யாரோ, மாவு வழியுது, மாவு வழியுது என்று குரல் கொடுத்தார்கள்.

"அப்புறம் ஒண்ணுமில்லண்ணே" என்றான். "திருப்பல."